யார் வீட்டுக் கதை?

கதை எழுதிப் பிழைக்கிறவனைப் பார்த்து மற்றவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று எப்போதும் எனக்குச் சங்கடத்தை உண்டாக்கும். "இது உங்கள் சொந்தக் கற்பனைதானா? இல்லை, எங்கிருந்தாவது எடுத்ததா?" கேட்பவர் புன்சிரிப்போடுதான் கேட்பார். அந்தப் புன்சிரிப்புக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் நிற்பதுபோல எனக்குத் தோன்றும். சொந்தம் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. எடுத்தது என்று சொன்னாலும் முழு உண்மை ஆகாது. பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டில் நடந்தது, பத்திரிகையில் படித்தது, பழைய காவியத்தில் மனம் தோய்ந்தது எல்லாம் சேர்ந்து எப்போதோ ஓர் இரவில் கதையாகிவிடுகிறது. இதில் எவ்வளவு வீட்டுச் சரக்கு, எவ்வளவு இரவல் சரக்கு என்று யாரால் தராசு பிடித்துச் சொல்ல முடியும்?

நாவலாசிரியன் இப்படிப் பேசித் தப்பித்துக் கொள்ளலாம். சினிமாக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் எந்த வீட்டிலிருந்து எடுத்தார்கள், என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். 'ரீமேக்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து, அதை மறைக்காமலே சொல்கிறார்கள். மறைக்காமல் செய்வதனால் ஒரு காரியம் சரியாகிவிடுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். யோசிப்பதற்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு படம் வேண்டும். கன்னடத்தில் 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 'அஜய்' என்ற படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

புனீத் ராஜ்குமார் கதாநாயகர். மெஹர் ரமேஷ் டைரக்டர். காதலும் அடிதடியும் சரிபாதியாகக் கலந்த படம். கதையை இரண்டு வரியில் சொன்னால் தமிழ் வாசகர்கள் உடனே 'அட, இது நம் கதையாயிற்றே!' என்பார்கள். கபடி ஆடுகிற இளைஞன் ஒருவன் பந்தயத்துக்காக வெளியூர் போகிறான். அந்த ஊரில் ஒரு பெரிய மனிதன் வைத்ததுதான் சட்டம். அவன் ஒரு பெண்ணை விரும்புகிறான். அந்தப் பெண் அவனை விரும்பவில்லை. அவன் பிடியிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு வந்த இளைஞன், தன் வீட்டிலேயே, வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறான். வீட்டுத் தலைவரோ போலீஸ் அதிகாரி.

ஆம், நம் ஊரில் 2004ஆம் ஆண்டில் தரணியின் டைரக்ஷனில் விஜய்யும் திரிஷாவும் நடித்து வந்த 'கில்லி'தான். ஆனால் 'நம் கதை' என்று நாமும் மார்தட்ட முடியாது. அதற்கு முந்திய ஆண்டு, 2003இல், குணசேகர் தெலுங்கில் எடுத்த 'ஒக்கடு' என்ற படந்தான் மூலம். அங்கே கதாநாயகராக மகேஷ் பாபு நடித்தார். அந்தப் பாத்திரத்தின் பெயர் அஜய். தமிழுக்கு வந்தபோது அஜய் வேலு ஆனான். கன்னடத்துக்குப் போனபோது பழைய பெயர் திரும்பி வந்ததோடு, படத்தின் தலைப்பிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. 2015இல் வடக்கேயும் போனார்கள். ஹிந்தியில் அதற்குத் 'தேவர்' என்று பெயர். நம் ஊர்க் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்கும். அங்கே அதற்கு மிடுக்கு, முறைப்பு என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை. தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் வில்லனாக நடித்தவர் ஒருவரே, பிரகாஷ் ராஜ். அவர் பிறந்து வளர்ந்து நாடக மேடை ஏறியது பெங்களூரில்; 1994இல் 'டூயட்' படத்தின் மூலம் பாலசந்தர் அவரைத் தமிழுக்கு அழைத்து வந்தார். ஆகவே 'அஜய்' படத்தில் கதை புதிதாக ஓர் ஊருக்குள் நுழைந்தது என்றாலும், வில்லன் மட்டும் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தார் என்று சொல்ல வேண்டும். மூன்று மொழிகளில் அவர் அதே பெண்ணைத் துரத்தினார். மூன்று மொழிகளிலும் அவளைப் பறிகொடுத்தார்.

இப்படி ஒரு கதையை ஊர் ஊராக எடுத்துச் செல்வது திருட்டா? இல்லை. உரியவருக்கு விலை கொடுத்து உரிமை வாங்கிக்கொண்டு செய்வதற்குத் திருட்டு என்று பெயர் சொல்வது நியாயமல்ல. கொடுக்காமல் செய்தால்கூடச் சட்டம் எல்லாச் சமயத்திலும் பிடித்துவிடுவதில்லை. ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தம்முடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை எடுத்துத்தான் 1956இல் 'நியூ டெல்லி' என்ற படத்தைச் செய்தார்கள் என்று வழக்குப் போட்டார். பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் சம்பந்தப்பட்ட காதல் கதை அது. மாகாணப் பற்று மனிதர்களை எப்படிப் பிரிக்கிறது என்பது பொருள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 1978இல் முடிந்தது. கருத்துக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. நாடகாசிரியர் தோற்றுப்போனார்.

தீர்ப்பு சரியானதுதான் என்று நினைக்கிறேன். கருத்துக்கு வேலி போட்டால் நாளைக்கு 'ஏழைப் பையன் பணக்காரப் பெண்ணைக் காதலித்தான்' என்று யாருமே எழுத முடியாது. மாதப் பத்திரிகைகளெல்லாம் காலியாகிவிடும்! ஆனால் கோர்ட்டு பார்ப்பது சொத்து யாருடையது என்பதை. மனச்சாட்சி கேட்கும் கேள்வி அதோடு நிற்பதில்லை. பிறர் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதை மறுபடி சொல்லும்போது எனக்கு ஏதாவது பொறுப்பு உண்டா? முதலில் சொன்னவனுக்கு இல்லாத பொறுப்பு ஏதேனும் இரண்டாவதாகச் சொல்கிறவனுக்கு உண்டா?

கன்னட நாட்டில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, ஆதிகவி என்று அவர்கள் போற்றும் பம்பனை நினைக்காமல் இருக்க முடியாது. பத்தாம் நூற்றாண்டில் அவன் எழுதிய 'விக்கிரமார்ச்சுன விஜயம்' என்ன? வியாச பாரதத்தின் ரீமேக்தானே! கன்னட இலக்கியத்தின் வாசலிலேயே ஒரு மறுஆக்கம் நிற்கிறது. கம்பனை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் நாம் இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அதோடு, பம்பன் தன்னை ஆதரித்த அரிகேசரி என்ற சிற்றரசனை அருச்சுனனோடு ஒன்றாக்கிப் பாடினான். அரிகேசரிக்கு ஏற்றபடி அருச்சுனன் உயர்ந்தான். இன்றைக்கு ஒரு நட்சத்திரத்துக்கு ஏற்றபடி கதையைத் திருத்துகிறார்களே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அது நடந்திருக்கிறது. சம்பளம் கொடுக்கிறவனுக்குக் கதாநாயக வேஷம்!

ஆனால் பம்பன் இன்னொன்றும் செய்தான். அவனுடைய பாரதத்தில் திரௌபதிக்குக் கணவர் ஐவர் அல்லர், அருச்சுனன் ஒருவனே. அரசனைத் தலைவனாக்கிவிட்டு அவன் மனைவியை ஐவருக்குப் பொதுவாக வைக்க முடியாது என்ற சங்கடம் அதற்குக் காரணமாக இருக்கலாம். அவன் சமண சமயத்தில் தோய்ந்த மனம் காரணமாக இருக்கலாம். அவன் செய்தது சரியா என்று வாதாடலாம். ஐவருக்கும் மனைவியாக நின்று அவள் பட்ட துன்பத்தைத் துடைத்துவிட்டால் பாரதத்தின் முதுகெலும்பில் ஒரு கணு போய்விடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும், கதையைக் கையில் வாங்கியவன் அதை அப்படியே சுமந்துகொண்டு நடக்கவில்லை. 'இதை நான் என் ஜனங்களிடம் சொல்லலாமா?' என்று ஓர் இடத்திலாவது நின்று கேட்டிருக்கிறான். ஹரிஹரன் என்ற வீரசைவக் கவி நம் சுந்தரமூர்த்தி நாயனாரை 'நம்பியண்ணன்' என்று அழைத்துக் கன்னடத்தில் ரகளை பாடினான். அவன் கையில் நம் ஆரூரர் கன்னட வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டார். ராஜ்குமார் கதாநாயகராக அறிமுகமான 'பேடர கண்ணப்பா' 1954இல் வந்ததே, அதுவும் நம் கண்ணப்ப நாயனார் கதைதான். அதைப் பார்த்து அழுத கன்னடத் தாய்மார்கள் யாரும் 'இது தமிழ்க் கதை' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடவில்லை.

முதலில் ஒரு கதையைச் சொல்கிறவன் இருட்டில் நடக்கிறான். அது ஜனங்களிடம் போய் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. எதைக் கண்டு அழுவார்கள், எதைக் கண்டு சிரிப்பார்கள், எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தெருவில் திரிவார்கள் என்று அவன் கண்டானா? ஆகவே அவன் தவறு செய்தால் 'தெரியாமல் செய்தேன்' என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு. இரண்டாவதாகச் சொல்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. விதை முளைத்து மரமாகிப் பழுத்த பிறகு பார்த்துவிட்டு வந்துதான் அவன் அதே விதையை வாங்குகிறான். பழம் எது, விஷம் எது என்று பார்த்தவன் அவன்.

'ஒக்கடு' கதையையே பார்ப்போம். அது ஏன் இத்தனை ஊர்களுக்கும் பொருந்தியது? எனக்குத் தோன்றும் காரணம் கபடி. கபடி என்ன விளையாட்டு? மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் தனி ஆளாகப் போக வேண்டும், தொட வேண்டும், மூச்சு விடுவதற்குள் தன் எல்லைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். கதையும் அப்படியே நடக்கிறது. எதிரியின் ஊருக்குப் போகிறான், பெண்ணைத் தொடுகிறான், மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறான். இந்த விளையாட்டைத் தெருவில் ஆடாத பையன்கள் தென்னாட்டில் இல்லை. பெயர் மாறலாம்; சடுகுடு என்று நாம் சொல்வோம்; மண் ஒன்றுதான். இந்த அளவில் கதையை எடுத்துச் செல்வது சுலபம், நியாயமுங்கூட.

அடுத்தபடி, வில்லனுடைய ஊர். தெலுங்கில் அது கர்னூல். அங்கே கொண்டாரெட்டி புருஜு என்ற பழைய கோட்டைக் கொத்தளம் இருக்கிறது. ராயலசீமையில் குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பகை வளர்த்து ஆள் வெட்டிய சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் நிழல் வில்லனுக்குப் பின்னால் விழுகிறது. அந்த இருட்டுக்கு எதிரே, ஹைதராபாத்தின் பழைய நகரத்தையும் சார்மினாரையும் பெரிய அரங்கமாகக் கட்டி வைத்து வெளிச்சம் போட்டார் குணசேகர். தமிழில் கர்னூலுக்குப் பதிலாக மதுரை வந்தது. சார்மினாருக்குப் பதிலாகக் கடற்கரைக் கலங்கரை விளக்கம் வந்தது. மதுரைக்காரர்களைக் கேட்டால், 'எங்கள் ஊரில் மீனாட்சி இருக்கிறாள், தமிழ்ச் சங்கம் இருந்தது. உங்களுக்கு அரிவாள் மட்டுந்தான் கண்ணில் பட்டதா?' என்பார்கள். அவர்கள் கோபம் நியாயமே. ஊர்ப் பெயர்ப் பலகையை மாற்றிவிடலாம். ஓர் ஊரின் குற்றத்தை இன்னோர் ஊரின் முகத்தில் ஒட்டும்போது அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். கர்னூல்காரனுக்கு அது சரித்திரம். மதுரைக்காரனுக்கு அது வீண் பழி. சினிமாவில் மதுரைக்கு வந்த பழிக்கெல்லாம் இந்த ஒரு படம் பொறுப்பல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஊர் மாறி, உடை மாறி, சாப்பாடு மாறி, எதுவுமே மாறாமல் எல்லை கடந்த சரக்கு ஒன்று உண்டு. அது அந்த வில்லனுடைய காதல். 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொல்கிறாள். அவளுடைய அண்ணன்மாரைக் கொன்றவன், அவளைப் பார்த்துக் கொஞ்சுகிறான். தமிழில் அவன் சொன்ன 'செல்லம்' என்ற கொஞ்சல் சொல் படம் வந்த நாட்களில் வீட்டுக்கு வீடு புகுந்தது. கல்லூரிப் பையன்கள் சொன்னார்கள், கல்யாண வீட்டில் சொன்னார்கள், குழந்தைகள்கூடச் சொன்னார்கள். நடித்தவரின் திறமை அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாக நடிப்பதுதான் நடிகனுடைய தர்மம். ஆனால் கொலைகாரன் வாயிலிருந்து வந்த வார்த்தையை நாம் ஆசையோடு வாங்கி வைத்துக்கொண்டோம் என்றால், அந்தப் பெண்ணின் பயம் நம் மனத்தில் எங்கே போயிற்று? கதாநாயகி அந்தக் கதையில் என்ன பேசினாள் என்று யாராவது இப்போது ஞாபகமாகச் சொல்லட்டும், பார்க்கலாம். அவள் வீட்டார் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். ஒருவன் பிடித்து வைக்கப் பார்க்கிறான். ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கபடிக் களத்தின் நடுவே போட்ட கோடு மாதிரி அவள் இருக்கிறாள். எல்லாரும் அவளைத் தாண்டுகிறார்கள்.

முதல் படத்தில் இதைச் செய்தவருக்கு ஜனங்கள் இப்படிச் சிரிப்பார்கள் என்று தெரிந்திராது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது முறை எடுத்தவர்களுக்குத் தெரியும். தெரிந்துந்தான் எடுத்தார்கள், தெரிந்த காரணத்தினாலேயே எடுத்தார்கள் என்றுகூடச் சொல்ல வேண்டும். கைதட்டல் எங்கே விழுந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த இடங்களைப் பத்திரமாகப் பஞ்சில் சுற்றி அடுத்த ஊருக்கு எடுத்துப் போனார்கள். பம்பன் திரௌபதியிடம் காட்டிய அக்கறையில் நூற்றில் ஒரு பங்கை இவர்கள் இந்தப் பெண்ணிடம் காட்டியிருக்கலாம். அவள் ஒரு முறையாவது தானே ஒரு முடிவு செய்யும்படி ஒரு காட்சியை மாற்றியிருந்தால் படம் ஓடாமலா போயிருக்கும்?

இதையெல்லாம் பெங்களூரில் இருக்கும் ஒரு கன்னட நண்பரிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாகப் பேசுவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"நீங்கள் மூன்று பாஷையிலும் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள், சார். எங்கள் அம்மாவுக்குக் கன்னடம் ஒன்றுதான் தெரியும். அவள் 'ஒக்கடு' பார்க்கவில்லை, 'கில்லி' பார்க்கவில்லை. ராஜ்குமார் மகன் படம் என்று 'அஜய்' பார்த்தாள். அவளுக்கு அது ரீமேக் இல்லை, சார். அவளுக்கு அதுதான் முதல் படம்."

இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. மூலம், நகல் என்ற பேச்செல்லாம் இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான். சேக்கிழாரைப் படித்தறியாத கன்னடத் தாய்க்கு 'பேடர கண்ணப்பா'தான் கண்ணப்பர் சரித்திரம். கதையின் பிறந்த தேதி, அதைக் கேட்கிறவள் அதை முதலில் கேட்ட தேதிதான்.

"அப்படியானால் மூலப் படத்தையே கன்னடத்தில் பேச வைத்து அம்மாவுக்குக் காட்டியிருக்கலாமே?" என்றேன்.

"அதுதான் முடியாது சார். உங்களுக்குத் தெரியாதா எங்கள் ஊர்ச் சமாசாரம்?" என்றார்.

தெரியும். தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் இங்கே சொல்கிறேன். 1960களில் கன்னடத் திரையுலகம் சிறியது. பக்கத்து மொழிகளின் படங்கள் பெரியவை. தெலுங்குப் படத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் கன்னடக் குரல் மட்டும் கொடுத்துக் கொண்டு வந்து இறக்கினால், கன்னட நடிகனுக்கும் பாட்டு எழுதுகிறவனுக்கும் விளக்குப் பிடிக்கிறவனுக்கும் வேலை எங்கே? அ. ந. கிருஷ்ணராயர் என்ற பெரிய நாவலாசிரியர், அ.ந.கிரு. என்று கன்னடர்கள் அன்போடு அழைப்பார்கள், இதற்கு எதிராகக் குரல் எழுப்பினார். ராஜ்குமாரும் அந்தப் பக்கம் நின்றார். அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு, சட்டம் எதுவும் இல்லாமலே, குரல் மாற்றிய படம் கர்நாடகத் தியேட்டர்களுக்குள் நுழையவில்லை. சட்டம் இல்லாமல் ஒரு தடை அவ்வளவு காலம் நின்றது என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்!

அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். சின்ன மொழி என்று ஒரு மொழியைப் பெரிய கடைக்காரர்கள் ஒதுக்கும்போது, அந்த மொழிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கதவைச் சாத்தியதன் பலன் என்ன ஆயிற்று? வெளியூர்ப் படம் வாசல் வழியாக வர முடியாமல், ரீமேக் என்ற கொல்லை வழியாக வந்தது. நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வேலை கிடைத்தது, உண்மை. யாருக்கு வேலை கிடைக்கவில்லை? கதை எழுதுகிறவனுக்குக் கிடைக்கவில்லை! தடையைக் கேட்டவர் ஒரு நாவலாசிரியர் என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது. ராஜ்குமாரின் காலத்தில் 'பங்காரத மனுஷ்ய' (1972) டி. கே. ராமராயரின் நாவலிலிருந்து வந்தது. 'எரடு கனசு' (1974) வாணியின் நாவலிலிருந்து வந்தது. பிறகு ஹைதராபாத்திலும் சென்னையிலும் ஓடிப் பார்த்த கதையை வாங்குவது அபாயம் இல்லாத வியாபாரம் என்று ஆனபோது, நாவலைப் புரட்டிப் பார்க்கப் பட முதலாளிக்கு அவகாசம் ஏது?

குரல் மாற்றும் தடை 2015இல் ஆட்டம் கண்டது. அது நியாயமான போட்டிக்கு விரோதம் என்று இந்தியப் போட்டிக் கமிஷன் தீர்மானித்தது. 2017இல் நம் 'என்னை அறிந்தால்' கன்னடம் பேசிக்கொண்டு போனபோது எதிர்ப்பும் ஆர்ப்பாட்டமும் இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டே 'கே.ஜி.எஃப்.' வந்தது. 2022இல் 'காந்தாரா' வந்தது. கன்னட மண்ணில் எழுந்த படங்கள் மற்ற மொழிகளில் குரல் மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டன. தென்கன்னடத்துப் பூத வழிபாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத சென்னைவாசிகள் அந்தப் படத்தை மெய்ம்மறந்து பார்த்தார்கள். யாரும் அந்தத் தெய்வத்தை மாற்றி மாரியம்மன் ஆக்கிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் சிலருக்கு ஒரு பெருமிதம் எழலாம்: 'கன்னடர்கள்தானே நம்மிடமிருந்து வாங்கினார்கள்!' 'சின்னத்தம்பி'யை வாங்கி 'ராமாச்சாரி' எடுத்தார்கள். 'சேது'வை வாங்கி 'ஹுச்ச' எடுத்தார்கள். உண்மை. ஆனால் சிவாஜி கணேசனின் இருநூறாவது படமான 'திரிசூலம்' எங்கிருந்து வந்தது? ராஜ்குமாரின் 'சங்கர் குரு'விலிருந்து. 'அவன்தான் மனிதன்' எங்கிருந்து வந்தது? 'கஸ்தூரி நிவாச'விலிருந்து. ரஜினிகாந்தின் 'மன்னன்' ராஜ்குமாரின் 'அனுராக அரளிது' படத்தின் தமிழ் வடிவம். அந்தக் கன்னடப் படத்துக்கு ஆதாரம் எச். ஜி. ராதாதேவி என்ற பெண் எழுத்தாளரின் நாவல். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து எழுதிய கதை கன்னடப் படமாகி, தமிழுக்கு வந்து, தெலுங்குக்கும் போய், மூன்று நாட்டு மக்களையும் சிரிக்க வைத்திருக்கிறது. 'மன்னன்' பார்த்த தமிழர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? விலை கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று சட்டம் சொல்லும். எனக்கு என்னவோ கணக்குத் தீர்ந்ததாகத் தோன்றவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டைச் சீர் வாங்கியதோடு மறந்துவிடுகிற சம்பந்திகளைப் போல நாம் நடந்துகொள்கிறோம்.

நண்பரிடம் இதையும் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. 'சொந்தக் கதை', 'இரவல் கதை' என்று நான் பிரித்துப் பேசுவதே சரியில்லை என்பது அவர் கட்சி. அதற்கு அவர் சொன்ன உதாரணம் 'அப்பு'.

புனீத் ராஜ்குமார் பெரியவராகிக் கதாநாயகராக நடித்த முதல் படம் அது, 2002இல் வந்தது. கான்ஸ்டபிள் மகன் போலீஸ் கமிஷனர் மகளைக் காதலிக்கிறான். அது எந்தப் படத்தின் ரீமேக்கும் அல்ல, கன்னடத்திலேயே முதலில் படமான கதை. எழுதி டைரக்ட் செய்தவர் யார்? பூரி ஜகந்நாத், ஒரு தெலுங்கர். அவரே அதைத் தெலுங்கில் 'இடியட்' என்று எடுத்தார். தமிழில் 2003இல் சிலம்பரசன் நடித்துத் 'தம்' என்று வந்தது. தெலுங்கர் எழுதிய கன்னடக் கதை தெலுங்குக்கு ரீமேக் ஆகிப் போயிற்று! இதில் எது யார் வீட்டுக் கதை என்று நண்பர் கேட்டபோது, நானும் சிரித்துவிட்டேன்.

சிரித்தாலும் யோசித்துப் பார்த்தேன். 'அப்பு'வில் அந்தப் பையனுக்கு வைத்த பெயர், வீட்டில் புனீத்தை எல்லாரும் கூப்பிடும் செல்லப் பெயர். குழந்தைப் பருவத்திலிருந்து திரையில் பார்த்து, 'பெட்டத ஹூவு'வில் அவன் நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தபோது தங்கள் வீட்டுப் பிள்ளை வாங்கியதுபோல மகிழ்ந்த ஜனங்கள் முன்னால், அந்தப் பிள்ளையை அதே பெயரோடு கொண்டு வந்து நிறுத்தினார் அந்தத் தெலுங்கர். அவர் அயலூர்க்காரர்; ஆனால் யாருக்காகச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொன்னார். 'அஜய்' படத்தைச் செய்தவர்களும் திறமைசாலிகளே. அவர்கள் பார்த்தது ஏற்கெனவே ஓடிய படத்தை.

புனீத் 2021 அக்டோபர் 29ஆம் தேதி, நாற்பத்தாறாவது வயதில், திடீரென்று மாரடைப்பால் காலமானார். பெங்களூரில் அவரைக் கடைசியாகப் பார்க்கக் கூடிய கூட்டத்தைப் பற்றி நண்பர் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள், நல்ல வேளை என்றார். பழைய படங்களைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டு வரும் பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் வந்திருக்கிறது. 2023இல் தெலுங்கர்கள் 'ஒக்கடு'வைத் திரையிட்டுக் கொண்டாடினார்கள். 2024இல் நம் ஊரில் 'கில்லி'க்குக் கூடிய கூட்டத்தைப் புதுப் படக்காரர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். 2025 மார்ச்சில், புனீத்தின் ஐம்பதாவது பிறந்த நாளை ஒட்டிக் கன்னட நாட்டில் மறுபடி திரையிட்ட படம் 'அப்பு'. நண்பர் பேரனை அழைத்துக்கொண்டு முதல் நாளே போனாராம். தியேட்டரில் பாட்டு வந்ததும் பையன்கள் எழுந்து ஆடினார்களாம். தம்மைப் போன்ற கிழவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கைக்குட்டையைத் தேடினார்களாம். பேரன் வெளியே வந்து, "தாத்தா, இது எந்தப் படத்தோட ரீமேக்?" என்று கேட்டிருக்கிறான்.